இசபெல்லா அக்கா லீவில் இருந்த பத்து நாள்

“தம்பி, எனக்குப் பத்து நாள் லீவு வேணும். அதுக்கு ஒரு நெட்வொர்க் போட எத்தன நாளாவும்?”

இசபெல்லா அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. தூத்துக்குடியில் பதினேழு வருடமாக அலுவலகங்களுக்குக் கேபிள் இழுத்து, கணினிகளை இணைத்துக் கொடுத்து வருகிறேன். வேகமாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வைரஸ் வராமல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மாவு மில்காரர் சத்தம் வராத நெட்வொர்க் கேட்டார். லீவுக்காக நெட்வொர்க் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அக்கா வேலை பார்ப்பது பீர் முகம்மது காக்காவின் கிளியரிங் ஏஜென்சியில். பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கயிற்றுக் கடையின் மாடி. ஏற்றுமதிக்காரர்களின் சரக்குக்குச் சுங்கத்தில் தாள்களைப் போட்டு, கண்டெய்னரைத் துறைமுகத்துக்குள் அனுப்பி வைப்பது அவர்கள் தொழில். காக்காவுக்கு ஊர் காயல்பட்டினம்; அங்கே மூத்தவர்களைக் காக்கா என்பார்கள். அக்காவுக்குப் புன்னைக்காயல். காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடித்து, எட்டு ஐம்பதுக்குத் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த எட்டு ஐம்பது மாறியதில்லை.

ஆரம்பத்தில் அவர் லீவு எடுத்திருக்கிறார். இரண்டு பிரசவத்துக்கும் மூன்று மூன்று மாதம். அது தாள் காலம். பீரோவைத் திறந்தால் ஃபைல் இருக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கணினி வந்தது. அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவர் அக்கா மட்டும் என்பதால் எல்லாம் அவர் கணினிக்குள் போயின. மற்றவர்களுக்கும் கணினி வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. யாருக்கு என்ன வேண்டுமானாலும் “யக்கா, அந்த பேக்கிங் லிஸ்ட்” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவார்கள். அக்கா அதை ஒரு பென் டிரைவில் போட்டு நீட்டுவார். அந்தப் பென் டிரைவ் அவர் கழுத்தில், மாதா சுரூபம் கோத்த கயிற்றிலேயே தொங்கும்.

அவர் கணினியின் திரையை முதல்முதலாகப் பார்த்தபோது நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். பின்னணிப் படம் தெரியாத அளவுக்கு ஃபோல்டர்கள். ‘கத்துறவர்’, ‘கத்தாதவர்’, ‘ஏரல்காரர் பழசு’, ‘மழை அன்னைக்கு வந்தது’, ‘காக்கா சொன்ன ஃபைனல்’, ‘காக்கா பிறகு சொன்ன ஃபைனல்’.

“இதுல உடன்குடி கருப்பட்டி கம்பெனி எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“மழை அன்னைக்கு வந்தது.”

“எந்த மழை?”

“அந்த மழைதான்” என்றார், அது ஊருக்கே தெரிந்த விஷயம் போல.

கணினி வந்த பிறகு அவர் வேலைக்கு வராதது ஒரே ஒரு நாள். தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம். அன்று கோயிலுக்குள் அவர் கைபேசி நாற்பத்தோரு முறை அதிர்ந்ததாம். குழந்தையைத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்ற பாதர் கடைசியில், “இசபெல்லா, அந்த பேக்கிங் லிஸ்ட்ட அனுப்பிட்டு வந்துரு. நாங்க நிக்கோம்” என்றாராம். அக்காவும் வெளியே போய், எந்த மழை என்று விளக்கிவிட்டு வந்தார். அதுவரை ஞானஸ்நானம் நின்றது.

இப்போது லீவு எதற்கு என்றால், ரெக்சன் அண்ணனுக்காக. அக்காவின் கணவர். சரக்குக் கப்பலில் போசன் வேலை. எட்டு மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அந்த மூன்று மாதமும் அவர் அக்காவைப் பார்ப்பது இரவு எட்டிலிருந்து காலை ஆறரை வரை. பையன்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் படிக்கிறார்கள். பகலில் அவருக்கு வேலை இல்லை. கப்பலில் போசன் என்றால் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது முக்கிய வேலை. அதனால் ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார். வீட்டில் யாரும் இல்லாமல் தனியாகச் சுரண்டுவதற்கு மட்டும் மனம் வராது, பழைய பூச்சுக்கு மேலேயே அடித்துவிடுவார். பதினோரு பூச்சு ஏறிவிட்டது. கேட் தடித்துப்போய் இப்போது சாத்துவதில்லை. ஆடு உள்ளே வருகிறது.

“நவம்பர் இருபத்தினாலு கப்பலேறுதாவ” என்றார் அக்கா. “அதுக்கு முன்னாடி பத்து நாள் பகல்ல நான் வீட்டுல இருக்கணும். கல்யாணம் முடிஞ்சு இருபத்துநாலு வருசத்துல அந்த மனுசன் வெயில்ல எப்படி இருப்பாருன்னு ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகயிலதான் பாத்துருக்கேன்.”

அப்போது அக்டோபர் பதினெட்டு. வேலையை எடுத்துக்கொண்டேன்.

என் வழக்கம் ஒன்று உண்டு. தாளில் முடியாதவரை சுவரில் துளை போடமாட்டேன். கேபிள் எங்கே போகும், ஸ்விட்ச் எங்கே உட்காரும் என்பதெல்லாம் எளிது. ஆறு கணினி, நடுவில் எல்லாக் கோப்புகளையும் வைக்கிற ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. அதற்குள் இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும், அதற்கு நல்ல முனையாக வாங்கி உறையும் மாட்ட வேண்டும். இவை பொருளும் உழைப்பும் சம்பந்தப்பட்டவை. கடினமானது அனுமதி. யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம்.

இதற்கு நான் நீளத் தாள் ஒன்றில் கட்டம் போடுவேன். இடது பக்கம் ஆட்கள், மேலே ஃபோல்டர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பா, எ, அ. பார்க்க, எழுத, அழிக்க. எது கூடாதோ அதை அடித்துவிட வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாளைப் பார்த்துப் பெட்டியில் ஏற்றுவேன். காக்காவையும் சேர்த்து ஆறு பேர், ஐந்து ஃபோல்டர், முப்பது கட்டம். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

முதலில் காக்காவிடம் உட்கார்ந்தேன். தாளை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அழிக்கிறதா? எவன் அழிக்கணும்? ஒருத்தனும் அழிக்கக் கூடாது.”

“நீங்க, காக்கா?”

“நானும் கூடாது. கோவம் வந்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.”

அழிக்கும் அனுமதி சுத்தமாக இல்லாமல் வேலை ஓடாது என்று சொன்னேன். ஒரு கோப்பைச் சேமிக்கும்போது மென்பொருள் முதலில் ஒரு தற்காலிக நகல் எழுதும், பிறகு தேவையில்லாததைத் தானே அழிக்கும். அழிக்க விடாவிட்டால் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு குப்பை மிஞ்சும். காக்கா நம்பவில்லை. “கண்ணால காட்டு” என்றார். செல்வராணியின் கணினியை மட்டும் அப்படி வைத்து ஒரு நாள் ஓட்டிக் காட்டினேன். செல்வராணி இன்வாய்ஸ் அடிக்கிற பெண். ஒருமுறை கரண்டு போய் அரை நாள் வேலை போனதிலிருந்து வார்த்தைக்கு ஒரு தரம் சேமிப்பாள். மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு இன்வாய்ஸும் இருநூற்று ஆறு குப்பைகளும் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரும் ‘~’ என்ற அலைக்கோட்டில் ஆரம்பித்தது.

காக்கா வாசலில் வந்து நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார். “இவ்வளவு பேரும் யாரு?”

“அழிக்க ஆளில்லாததால இருக்காங்க, காக்கா.”

“சரி. அப்ப ஒருத்தருக்கு மட்டும் அழிக்கிற அனுமதி குடு.”

“யாருக்கு?”

“இசபெல்லாவுக்குக் குடு. அவ வேண்டாததத்தான் அழிப்பா.”

அக்காவின் வரிசையில் மட்டும் ‘அ’ அடிபடாமல் தப்பியது. சரி, ஆரம்பம்தானே என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

மறுநாள் வேல்ராஜ் அண்ணாச்சி என்னைக் கீழே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் கணக்கு பார்ப்பவர். வடை வாங்கிக் கொடுத்தார். அந்த ஆளிடம் வடை வாங்கித் தின்றவர் அலுவலகத்தில் நான் ஒருவன்தான் என்று பிறகு சொன்னார்கள்.

“என் ஃபோல்டர பாண்டித்துரை பாக்கக் கூடாது.”

“சரி, அண்ணாச்சி.”

“நவாஸ் பாக்கக் கூடாது. அந்தச் செல்வராணி பிள்ளயும் வேண்டாம், அது வாயில தண்ணி நிக்காது.”

“நீங்க மட்டும் பாக்குற மாதிரி வச்சிரட்டா?”

அவர் டீயை ஆற்றினார். “அதுவும் வேண்டாம். நான் பாத்ரூம் போனா பாண்டித்துரை என் சீட்டுல வந்து உக்காந்து பாத்துருவான். நான் கோப்ப உள்ள போடுத மாதிரி மட்டும் வையும். தொறக்கது இசபெல்லாக்கா தொறக்கட்டும். அவிய யாருக்கும் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல.”

பாண்டித்துரை துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் அலைகிறவர். இவருக்கும் வேல்ராஜுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. இருவர் மேசைக்கும் நடுவில் ஒரே மின்விசிறி. ரெகுலேட்டரை மூன்றில் வைப்பதா நான்கில் வைப்பதா என்பதில் வந்த சண்டை. பாண்டித்துரை என்னைத் தன் பைக்கில் ஏற்றி உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தித்தான் பேசினார்.

“வேல்ராஜ் ஒமக்கு வட வாங்கித் தந்தானாமே. என்ன சொன்னான்?”

“உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி.”

“சொல்லியிருப்பான். எம் ஃபோல்டரு எனக்கே வேண்டாம், வே. அக்காட்ட இருக்கட்டும். நான் போடுவேன், அவிய எடுப்பாவ.”

நவாஸ் காக்காவின் அக்கா மகன், ஏற்றுமதிக்காரர்களிடம் பேசி வேலை பிடிக்கிறவன். மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் ஃபோல்டரை அக்காவிடம் கொடுக்கச் சொன்னான். செல்வராணி தன் ஆங்கிலத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றாள். “யக்கா மட்டும் சிரிக்காம திருத்துவாவ.” ஐந்தாவது ஃபோல்டர் காக்காவுடையது. துபாயிலிருக்கிற மகன்கள் பாஸ்வேர்டு கேட்டால் தன்னால் இல்லையென்று சொல்ல முடியாது, இசபெல்லாவால் முடியும் என்பது அவர் வாதம்.

அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி தாள் முடிந்தது. இசபெல்லா அக்காவின் வரிசையில் ஐந்து கட்டத்திலும் பா, எ, அ. மற்ற ஐந்து பேரின் வரிசைகளில் எல்லா எழுத்தும் அடிக்கப்பட்டு, ‘போடலாம்’ என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தது. தபால்பெட்டிக்குள் கடிதம் போடுவது மாதிரி. தன் மேசையில் செய்த வேலையைப் பெட்டிக்குள் போடலாம். போட்ட பிறகு, போட்டவரே திறந்து பார்க்க முடியாது.

அதை அக்காவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, நான் இல்லாம ஆபீசு நடக்கணும்னுதான இதச் செய்யுதோம்?”

“ஆமாக்கா.”

“இதுக்கு முன்னாடியாவது நான் பாத்ரூம் போனா எவனாவது எஞ் சீட்டுல உக்காந்து எடுத்துக்கிடலாம்.”

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது நல்ல செய்தி இருக்குமோ என்று.

காக்காவிடம் போய், இந்தத் தாளை நான் ஏற்றமாட்டேன், அக்காவைத் தவிர இன்னொருவருக்காவது முழு அனுமதி வேண்டும் என்றேன். நியாயம் என்று எல்லோரையும் கூப்பிட்டார். யாருக்குக் கொடுக்கலாம் என்று பொதுவில் கேட்டார். ஆளை முன்னால் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று யாரும் சொல்வார்களா?

“வேல்ராஜுக்குக் குடுப்பமா?”

“நல்ல ஆளுதான்” என்றார் பாண்டித்துரை, சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்த ‘தான்’ அரை நிமிடம் அறையில் நின்றது.

“பாண்டித்துரைக்கு?”

“அவருக்கென்ன, அவரும் நல்ல ஆளுதான்” என்றார் வேல்ராஜ்.

நவாஸின் பெயரைக் காக்கா சொல்லவில்லை. செல்வராணி, தன் பெயர் வருவதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டாள். கடைசியில் பாண்டித்துரை, “இந்தக் கேபிள்காரத் தம்பியே வச்சிக்கிடட்டுமே. இவருக்கு நம்ம தொழில் ஒண்ணும் புரியாது” என்றார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. நான் மறுத்தேன். காக்கா பேனாவைத் திறந்து பழைய தாளிலேயே கையெழுத்துப் போட்டார்.

“இன்னொண்ணு, தம்பி. நான் ஊர்லயே இருந்துக்கிட்டு யார் வந்தான், யார் போனான்னு பாக்க முடியுமா?”

முடியும். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று வைத்திருந்தேன். யார் எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்பதைப் பெட்டி குறித்துக்கொள்ளும். தினமும் மாலை ஆறு மணிக்கு அந்தப் பட்டியல் காக்காவின் கைபேசிக்குப் போகும்படி செய்துகொடுத்தேன். வருகைப் பதிவேட்டைக் காக்கா எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டு, இனி ரிப்போர்ட்தான் வருகை என்று அறிவித்தார். வேண்டிய கேபிளை அளந்து இழுத்தேன். இரண்டு முனையிலும் எண் ஒட்டினேன். நவம்பர் ஐந்தில் நெட்வொர்க் ஓடத் தொடங்கியது. நான் போட்டவற்றில் இவ்வளவு ஒழுங்காக ஓடிய நெட்வொர்க் குறைவு. அதில் யாரும் எதையும் திறக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் தன் இடத்திலிருந்து “யக்கா” என்று கத்தினார்கள். அக்கா திறந்து, பென் டிரைவில் போட்டு நீட்டினார்.

ஆனால் லீவு கிடைத்தது. காக்காவைப் பொறுத்தவரை நெட்வொர்க் வந்துவிட்டது, ஆகவே இசபெல்லா இல்லாமல் நடக்கும். “தாராளமா போ” என்றார். திங்கள் பத்தாம் தேதியிலிருந்து வியாழன் இருபது வரை. நடுவே ஞாயிறைக் கழித்தால் சரியாகப் பத்து நாள்.

எட்டாம் தேதி சனிக்கிழமை மாலை நான் அங்கே ஸ்விட்ச் பெட்டிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனார். ஒவ்வொருவர் காதிலும் குனிந்து ஏதோ சொன்னார். வேல்ராஜ் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். பாண்டித்துரைக்குக் கண் கலங்கியது. நவாஸ் கதவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். செல்வராணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். லீவுக்குப் போகிறவரை இப்படி வழியனுப்புகிறார்களே, நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு உறையைத் திருகினேன்.

பதின்மூன்றாம் தேதி காலை பத்தரைக்குக் காக்கா காயல்பட்டினத்திலிருந்து அழைத்தார்.

“தம்பி, இசபெல்லா லீவுல இருக்கா.”

“ஆமா, காக்கா.”

“ரிப்போர்ட்ல தினமும் எட்டு அம்பதுக்கு வந்துருதா. நேத்து மட்டும் முப்பத்தோரு மணி நேரம் வேல பாத்துருக்கா. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்னு ஒன் பெட்டிக்குத் தெரியுமா, தெரியாதா?”

உடனே போனேன். மாடிப்படி ஏறும்போதே ஏதோ வித்தியாசம் தெரிந்தது. சத்தம் இல்லை. யாரும் “யக்கா” என்று கத்தவில்லை. நால்வரும் திரையைத் தன் பக்கமாகத் திருப்பி, ஃபைல் அட்டையால் மறைத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் பின்னாலும் யாரும் போகவில்லை. நான் வேல்ராஜ் அண்ணாச்சி பின்னால் போனேன், எனக்கு அது தொழில். திரையின் மூலையில் ‘இசபெல்லா’ என்று இருந்தது.

அவர் பதறி என் கையைப் பிடித்தார். “யாருட்டயும் சொல்லிராதீரும். அக்கா எனக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு சொன்னாவ. ‘உம்மள நம்பித்தான் போறேன்’னு சொன்னாவ.”

பாண்டித்துரையின் திரையிலும் இசபெல்லா. அவரையும் நம்பித்தான் போயிருந்தார். நவாஸிடமும் செல்வராணியிடமும் அதே. நான்கு மேசையில் நான்கு இசபெல்லா. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் இசபெல்லா என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு எண்ணம்.

நான் நிற்கும்போதே செல்வராணி ஒரு பேக்கிங் லிஸ்ட்டைத் திறந்தாள். திரையில் வந்தது: இந்தக் கோப்பை இசபெல்லா திறந்து வைத்திருக்கிறார். நீங்கள் படிக்க மட்டும் முடியும். அவள் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து நின்றாள்.

“அண்ணே, யக்கா வீட்டுலருந்து பாத்துக்கிட்டு இருக்காவ” என்றாள் மெதுவாக. “திங்கக்கெழமையே தெரிஞ்சிட்டு. நான் எதத் தொறந்தாலும் அவிய எனக்கு முன்னாடி தொறந்து வச்சிருக்காவ.”

இது நால்வருக்கும் தெரிந்திருந்தது. புன்னைக்காயலில் உட்கார்ந்தபடி அக்கா எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று நால்வரும் தனித்தனியாக முடிவு செய்து, அந்த நாலு நாளில் ஒரு தாளையும் தப்பாகப் போடவில்லை. செல்வராணியின் ஆங்கிலத்தை யாரோ சிரிக்காமல் திருத்தியிருந்தார்கள். அது பாண்டித்துரை. அவருடைய ஷிப்பிங் பில்லில் விட்டுப்போன ஒரு எண்ணை யாரோ போட்டிருந்தார்கள். அது வேல்ராஜ். இருவரும் அக்கா செய்ததாக நினைத்திருந்தார்கள். நான் தலைக்கு மேலே பார்த்தேன். மின்விசிறி மூன்றரையில் ஓடியது. அந்த ரெகுலேட்டரில் மூன்றரை என்று ஒன்று இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகி நிறுத்தியிருந்தார்கள்.

என் தொழில் ஒழுங்குப்படி அந்தப் பாஸ்வேர்டை நான் அன்றே மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் நால்வரும் அக்காவை அழைப்பார்கள். புன்னைக்காயலில் கைபேசி அடிக்கும். காக்காவை அழைத்தேன்.

“பெட்டி சரியாத்தான் இருக்கு, காக்கா. அதுக்குப் பேருதான் தெரியும். ஆள் தெரியாது.”

“வேல நடக்கா?”

“நடக்கு.”

“கண்டெய்னர் போவுதா?”

“இன்னைக்கு மூணு.”

“சண்ட?”

“தீக்குச்சி வச்சிருக்காங்க.”

“அப்ப ஃபோன வை” என்றார்.

அக்காவின் பக்கத்தை அவர் திரும்பி வந்த பிறகு கேட்டேன். முதல் நாள் ஒரு அழைப்பும் வராததால் கைபேசி கெட்டுவிட்டது என்று நினைத்து, ரெக்சன் அண்ணனைப் பக்கத்து அறையிலிருந்து அடிக்கச் சொன்னாராம். அடித்தது. இரண்டாம் நாள் சிக்னல் இருக்கிறதா என்று மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் ஐந்து மணிக்கு எழுந்து, எந்த நாள் என்று கேட்டார். நான்காம் நாளிலிருந்து இருவருமாகக் கேட்டைச் சுரண்டினார்கள். வெள்ளி நிறத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம். ஒவ்வொரு நிறத்திலும் அது எந்த வருடம், அப்போது எந்தக் கப்பல் என்று அண்ணன் சொன்னார். அதே வருடம் அலுவலகத்தில் எந்த மழை என்று அக்கா சொன்னார். இடையிடையே மழை வந்து நின்றது. பத்தாம் நாள் இரும்பு தெரிந்தது. சாத்தினார்கள். டக்கென்று சாத்தியது. ஆடு வெளியே நின்று பார்த்தது.

“வெயில்ல ஆள் எப்படி இருக்காரு?” என்று கேட்டேன்.

“காதுல முடி மொளச்சிருக்கு, தம்பி. எனக்குத் தெரியவே தெரியாது” என்றார்.

இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. காக்கா அலுவலகத்துக்கு வந்து பத்து நாள் ரிப்போர்ட்டையும் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். பெட்டியின் ரிப்போர்ட் பற்றிப் பேச வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

“ரிப்போர்ட்தான் வருகைன்னு சொன்னேன்லா?” என்று ஆரம்பித்தார். “இதுல இசபெல்லா பத்து நாளும் வந்துருக்கா. மத்த நாலு பேரும் பத்து நாளும் வரல.”

அறையில் அந்தத் தீக்குச்சி நடுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. நால்வரும் இசபெல்லா பெயரில் நுழைந்தார்களே தவிரத் தங்கள் பெயரில் ஒருநாளும் நுழையவில்லை. நான் வந்திருந்தேன் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பெயரில் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் மற்ற மூன்று பேரின் ஃபோல்டரையும் திறந்தவர் அவர் என்று ஆகும். அக்கா தன்னை மட்டும் நம்பிச் சொன்ன ரகசியமும் போகும். வேல்ராஜ் பாண்டித்துரையைப் பார்த்தார். பாண்டித்துரை சுவரைப் பார்த்தார்.

“எனக்குக் காய்ச்சல், காக்கா” என்றார் வேல்ராஜ்.

“எனக்கும் காய்ச்சல்தான்” என்றார் பாண்டித்துரை. “இவருட்டருந்து ஒட்டிட்டு.”

பதினோரு வருடத்தில் அவர் வேல்ராஜைச் சம்பந்தப்படுத்திப் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

“நீ எங்கலே போன?” என்று காக்கா நவாஸைக் கேட்டார்.

“மாமா வீட்ல விசேசம்.”

“நான்தானலே ஒனக்கு மாமா. எம் வீட்ல என்ன விசேசம்?”

நவாஸ் யோசித்தான். “அது நல்லபடியா முடிஞ்சிட்டு, மாமா.”

செல்வராணி ஆங்கிலத்தில் எழுதிய லீவு விண்ணப்பத்தை அக்காவிடம் நீட்டினாள். அக்கா சிரிக்காமல் இரண்டு இடத்தில் திருத்திக் காக்காவிடம் கொடுத்தார். மற்ற மூவரும் எழுதினார்கள். காக்கா நான்கு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பத்து நாள் வேலைக்கு வந்து, தவறில்லாமல் வேலை பார்த்து, அதற்கு நால்வர் லீவு எழுதிக் கொடுத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, “தாளுல ஒண்ணும் மாத்த வேண்டாம். அனுமதி எல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்றார்.

இசபெல்லா அக்கா போகாமல் நின்றார்.

“அப்ப எம் லீவு, காக்கா?”

“நீ எங்க லீவு எடுத்த? முப்பத்தோரு மணி நேரமெல்லாம் வேல பாத்துருக்க.”

“அப்ப பத்து நாள் லீவு இன்னும் கெடக்கு.”

காக்கா ரிப்போர்ட்டைப் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திருப்பினார். அவர் சொன்ன விதி, அவரே அச்செடுத்த தாள்.

“கெடக்கு” என்றார்.

அக்கா அச்சுப்பொறியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். ரெக்சன் அண்ணனின் கப்பல் இருபத்தினாலில் வராதாம், டிசம்பர் எட்டுக்குத் தள்ளிப் போயிருந்தது. திங்கள் முதல் பத்து நாள் என்று எழுதிக் கொடுத்தார். காக்கா படித்துவிட்டு, பேனாவைக் காரணம் என்ற இடத்தில் வைத்தார்.

“இங்கன ஒண்ணும் எழுதல. என்ன காரணம்?”

“சும்மா, காக்கா.”

அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு காரணத்துக்கு அதுவரை லீவு கொடுத்ததில்லை. காக்கா ‘சும்மா’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சனிக்கிழமை அக்கா என்னை வரவழைத்து, பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று கேட்டுக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் மாற்றினார். மாலை ஐந்து மணிக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வேல்ராஜ், பாண்டித்துரை, நவாஸ், செல்வராணி நால்வரும் வேலையை நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரு காதை மட்டும் அக்கா வருகிற பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.